அம்மாக்கள் திருப்பித் தந்த பாட்டில்கள்

1. மூடிவிடலாம் என்றார்கள்

குழந்தைகளின் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து சிரப் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில் நான் களமேற்பார்வையாளர். அந்த மாதக் கூட்டத்தில், ஜெகதாப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் ஆய்வை நிறுத்திவிடுவது என்று எங்கள் டாக்டர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். பாட்டில்கள் காலியாகத் திரும்பி வருகின்றன, ஆனால் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் ஏறவில்லை. சிரப்பால் பயனில்லை என்று எழுதி மூடிவிட்டால், அந்தப் பிள்ளைகளுக்கு அதன்பிறகு ஒரு சொட்டு மருந்தும் போகாது. வீடு வீடாக நடந்து அந்த அம்மாக்களைச் சேர்த்தவள் நான்.

எங்கள் ஆய்வுக்குப் பெற்றோர் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. நிதி கொடுத்தவர்கள் கேட்டதற்காக வைத்தது. மூன்று அம்மாக்களும் ஒரு அப்பாவும் வருவார்கள். டீ, பிஸ்கட் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கி, ஆட்டோவில் ஏற்றிவிடுவோம். உள்ளதைச் சொல்கிறேன், அவர்கள் வாய் திறக்காததில் எனக்கு நிம்மதிதான். மினிட்ஸ் எழுதுகிற வேலை மிச்சம்.

அவர்களில் ஒருத்தி காளீஸ்வரி. துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கிறவள். மடியில் பத்து மாதப் பெண் குழந்தை. டாக்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒப்புக்கு, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

"பாட்டிலு காலியா வந்தா, பிள்ளை குடிச்சிருச்சுன்னு எழுதிக்குவீங்களா சார்?" என்று கேட்டாள் காளீஸ்வரி.

"ஆமா. மிச்சத்த அளந்துதான் எவ்வளவு குடுத்தீங்கன்னு பாக்குறோம்."

"மிச்சம் எப்படி இருக்கும்? கழுவித்தானே குடுக்குறோம். ஒருத்தவங்க சாமானத் திருப்பிக் குடுக்குறப்ப பிசுபிசுன்னா குடுக்குறது? உள்ள இருக்குறத ஊத்திட்டு, சோப்புப் போட்டு, வெயில்ல காயவச்சுத்தான் குடுப்போம். இல்லாட்டி சிஸ்டரு நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

அந்தச் சிஸ்டர் நான்தான். என்ன நினைத்தாள் என்று எனக்குத்தானே தெரியும். பாட்டில்கள் பளபளவென்று வந்ததைப் பார்த்து, நம் பெண்கள் எவ்வளவு சுத்தம் என்று பெருமைப்பட்டு, படிவத்தில் 'முழுவதும் கொடுக்கப்பட்டது' என்று எழுதியவள். நானும் இந்த மாவட்டத்துக்காரிதான். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்ததே இல்லை. அதனால் சந்தேகமே வரவில்லை.

2. நாலாம் பக்கம்

"மருந்து ஏம்மா மிச்சமாச்சு?" என்றார் டாக்டர்.

காளீஸ்வரி என்னைப் பார்த்தாள். சொல்லு என்று தலையசைத்தேன்.

"மருந்து குடுத்தா பிள்ளைக்குக் கருப்பாப் போகுது சார். பயந்துபோயி நாலஞ்சு நாள்லயே நிறுத்திட்டோம். எங்க தெருவுல எல்லாருந்தான். சொன்னா சிஸ்டருக்குத் திட்டு விழும்னு சொல்லல."

இரும்புச்சத்து கொடுத்தால் மலம் கருப்பாகும், பயப்பட வேண்டாம் என்று, ஆய்வில் சேர்க்கும்போது அம்மாக்களுக்குப் படித்துக்காட்டும் தகவல் தாளின் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படிப்பேன். நாலாம் பக்கம் வருவதற்குள் குழந்தை அழும், படகு வந்துவிட்டது என்று அம்மா எழுந்துவிடுவாள், நானும் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டிவிடுவேன். படிவத்தில் எழுதியதையும் இதையும் டாக்டர் முன்னால் ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

அவர் திட்டவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காளீஸ்வரியிடம், "இப்ப என்னம்மா செய்யலாம்?" என்றார்.

"கருப்பாப் போகும்னு மொதல்லயே சொல்லிருங்க. பாட்டிலத் திருப்பிக் கேக்காதீங்க. கேட்டா கழுவத்தான் செய்வோம். சிஸ்டரு வீட்டுக்கு வந்து, பாட்டிலு இருக்குற எடத்துலயே பாத்து, மருந்து நிக்கிற அளவுக்குக் கோடு போட்டுக்கிறட்டும்."

அப்படியே செய்தோம். ஆய்வு நிற்கவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் காளீஸ்வரியின் மகளுக்கு ஹீமோகுளோபின் ஏறியிருந்தது. அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

அதற்கெல்லாம் முன்னால், கூட்டம் நடந்த அன்றைக்கே பழைய படிவங்களைத் திருத்த உட்கார்ந்தேன். ஆய்வில் எழுதியதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஆட்டோவுக்காகக் காத்திருந்த காளீஸ்வரி படிவக் கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இம்புட்டையும் அடிச்சா ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே சிஸ்டர்?"

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன். ஆகுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. கோட்டை இழுத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் 'தெரியவில்லை' என்று எழுதினேன். அத்தனை வருட உத்தியோகத்தில் ஒரு படிவத்திலும் நான் எழுதியிராத சொல் அது. இன்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இவ்வளவுதான்: தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். எழுதிவிட்டு, அந்த வீட்டு அம்மாவிடம் போய்க் கேளுங்கள்.