எட்டில் ஆறு

சுருக்காத பின்னத்தைக் கண்டால் அராபாவுக்குக் கை பரபரக்கும். கடலோர ஊரான சால்ட்பாண்டில் ஆறாம் வகுப்புக்கு அவள்தான் கணக்கு டீச்சர். பன்னிரண்டில் எட்டு என்று யாராவது விடையை நிறுத்தினால், "பாதியில விட்டா எப்படி? மூணுல ரெண்டுன்னு முடி" என்பாள். கடைத்தெருவிலும் அதே கதைதான். "எட்டுத் துண்டுல நாலு எடுத்துக்கோ" என்று மீன் வறுப்பவள் சொன்னால், "பாதி மீன்னு சொல்லுங்கம்மா" என்று திருத்துவாள். குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள். எதையும் இதற்கு மேல் சுருக்க முடியாது என்ற இடத்துக்குக் கொண்டுவந்தால்தான் அவளுக்கு நிம்மதி.

சர்ச் பாடகர் குழுவை நடத்தியவர் வேலை மாற்றலாகித் தகோராடிக்குப் போனதும், தாளம் காட்டும் அவருடைய கோல் அராபாவின் கைக்கு வந்தது. அதுவும் அறுவடைத் திருநாள் வரைக்கும்தான். அன்று காணிக்கைப் பாட்டுக்குச் சபையே ஆடிக்கொண்டு முன்னால் வந்து காணிக்கை போட வேண்டும். வராவிட்டால் கோல் வேறொருவருக்குப் போய்விடும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தக் கோலின் மேல் ஒரு கண்.

பழையவர் விட்டுப்போன புதுக் காணிக்கைப் பாட்டை ஒத்திகையில் கரும்பலகையில் எழுதினாள். உச்சியில் தாளக் குறி: மேலே ஆறு, கீழே எட்டு. கை சும்மா இருக்குமா? மேலே மூன்று, கீழே நான்கு என்று சுருக்கிவிட்டு, மூன்று தட்டாகக் கோலை வீசினாள்.

பாட்டு நொண்டியது. முரசடிக்கும் கோபினா குச்சியைக் கீழே வைத்தான்.

"டீச்சர், காலு ஒரு பக்கம் போகுது, பாட்டு ஒரு பக்கம் போகுது. நான் எதுக்கு அடிக்கிறது?"

"கணக்கு சரியாத்தானே இருக்கு? எட்டுல ஆறும் நாலுல மூணும் ஒண்ணுதான்!"

"உன் கணக்குக்கு இடுப்பே இல்லையே, தாயே" என்றாள் உச்சக்குரல் பாடும் மான்சா ஆன்ட்டி. குழுவே சிரித்தது. "இப்படிப் பாடினா காணிக்கைப் பெட்டிதான் எழுந்து நம்மகிட்ட வரணும். கேப் கோஸ்ட்லேருந்து வேற ஆளக் கூப்பிடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க, ஆன்ட்டி."

பெஞ்சில் உட்கார்ந்து தொடையில் ஆறு தட்டினாள். ஒன்று, மூன்று, ஐந்தில் அழுத்தினால் இரண்டிரண்டாக மூன்று ஜோடி. ஒன்றிலும் நாலிலும் அழுத்தினால் மும்மூன்றாக இரண்டு கொத்து: இடது கால், வலது கால். நீளம் அதேதான், நடைதான் வேறு. பின்னத்தில் அளவு மாறாவிட்டால் போதும். இங்கே கீழே இருக்கும் எட்டு, எவ்வளவு நீளமுள்ள ஸ்வரத்தை எண்ணுகிறோம் என்று சொல்கிறது. மேலே இருக்கும் ஆறு, ஒரு தாளக்கட்டுக்கு அது எத்தனை என்று சொல்கிறது. கோடு போட்ட பின்னம் மாதிரி நின்றதால் ஏமாந்துவிட்டாள். இன்னும் எதையெதை இப்படி அவசரப்பட்டுச் சுருக்கி வைத்திருக்கிறோமோ என்று ஒரு கணம் உறுத்தியது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

எழுந்துபோய் அழித்து, ஆறு, எட்டு என்று பெரிதாக எழுதினாள்.

"தப்பு என்னுதுதான். இது பின்னமே இல்ல."

"அப்பாடா, டீச்சரும் தப்பு போடுவாங்க!" என்றான் கோபினா, குச்சியைப் பொறுக்கிக்கொண்டு.

அறுவடைத் திருநாளான ஞாயிற்றுக்கிழமை கோல் இரண்டே தட்டாக இறங்கியது. முரசு அதோடு ஒட்டிக்கொண்டது. முதல் வரிசையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை உயர்ந்தது, அப்புறம் வரிசை வரிசையாகக் கைக்குட்டைகள் ஆடி முன்னால் வந்தன. போதகரும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடிவந்தார். பாட்டு முடியப்போகும் நேரம் மான்சா ஆன்ட்டி அவள் பக்கம் சாய்ந்தாள்.

"நிறுத்திடாத, பின் வரிசை இன்னும் வந்து சேரல. ஆமா, கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை எப்போ ஆரம்பிக்கிறே?"

அராபா மறுபடி முதல் அடிக்குக் கோலை உயர்த்தினாள்.