கேட்டில் கட்டிய வேப்பிலை

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம் உண்டு. கிண்ணம் விழுந்த சத்தம் கேட்டதும் நான் முதலில் பார்த்தது சுவர்க் கடிகாரத்தை. அம்மாவை அல்ல.

பதிமூன்று வயதான என் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த கிண்ணத்தோடு அம்மா அவள் பாயருகே இருந்தாள். நான் அடுத்த அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "பாத்து செய்யும்மா" என்றேன், எழுந்திருக்காமல்.

"ஒண்ணுமில்ல மக்கா. கை வழுக்கிட்டு."

சொற்கள் கொஞ்சம் குழைந்து வந்தன. வாயில் வெற்றிலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு மகள் கத்தினாள்: "அம்மா, ஓடி வாங்க! அம்மச்சிக்க வாயி கோணுது!"

நெய்யாற்றின்கரை மருத்துவமனையில் டாக்டர் எப்போது தொடங்கியது என்று கேட்டபோது, நாலு மணி என்றேன். அவர் இரண்டாவது முறை கேட்டபோதுதான் மூன்று பத்து என்று சொன்னேன். அந்த ஐம்பது நிமிடத்தை நினைக்காமல் இன்றுவரை நான் தூங்கப் போனதில்லை.

ஒன்பது நாள் கழித்து அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும் இல்லை. "விழுங்க முடியும். ஆனால் விழுங்க மாட்டேன் என்கிறார்" என்றார் டாக்டர். குழைந்த கஞ்சியாகக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். நான்கைந்து நாளில் குடிக்கத் தொடங்காவிட்டால் மறுபடியும் மூக்கில் குழாய். மருத்துவமனையில் அந்தக் குழாயை அம்மா இடது கையால் இரண்டு முறை பிடுங்கிப் போட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தும் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பி ஜன்னல் வழியாகக் கீழே சாலையோரத்துக் கேட்டைப் பார்ப்பாள். யாரைத் தேடுகிறாள் என்று எங்களுக்குத் தெரியும்.

கடப்புறத்து மாமியை. கடற்கரையிலிருந்து வருகிறவள் என்பதால் சிறுவயதில் நான் வைத்த பெயர். பொழியூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, பனச்சமூட்டில் இறங்கி, வட்டி என்கிற மீன்கூடையைத் தலையில் ஏற்றி வெள்ளறடைச் சாலை முழுக்க நடந்து விற்றவள். அம்மாவுக்கும் அவளுக்கும் பழக்கம் தொடங்கியதே சண்டையில்தான். அவள் கொடுத்த சாளை மீன் கெட்டது என்று அம்மா ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள். மறுநாள் மாமி நேராக முற்றத்துக்கு வந்து ஒரு மீனை எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுக்க கண்ணப் பாரு எக்கா. இது உன்னப் பாக்குதா, இல்லியா?"

அம்மா சிரித்துவிட்டாள். அன்றைக்கு மாமி எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தின்றுவிட்டுப் போனாள். பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வாரத்தில் இரண்டு நாள் அவள் வராமல் இருந்ததில்லை. தலைச்சுமையை விட்டு, பனச்சமூடு சந்தையிலேயே உட்கார்ந்து விற்கத் தொடங்கிய பிறகும் ஏறி வந்துவிட்டுத்தான் போவாள்.

அம்மாவுக்குச் சாமி என்றால் எங்கள் ஊர்க் கோயில் முடிப்புரை அம்மன்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கில் ஐந்து திரி போடுவாள். நான்கு எங்களுக்கு. ஐந்தாவது, அவள் சொல்வதுபடி, "கடலுக்குள்ளது". மாமியின் கணவனும் மகனும் கடல் தொழிலில் இருந்தார்கள். ஒருமுறை காற்று மாறி, மாமியின் கணவன் போன வள்ளம் ஐந்து நாள் கரைக்கு வரவில்லை. அம்மா ஐந்து நாளும் ஒரு பொழுதுதான் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாதா கோயிலுக்குள் நுழைந்து, மாமியோடு முழங்காலில் நின்றாள். ஆறாம் நாள் வேறு வள்ளக்காரர்கள் அவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வட்டியில்லாமல் கைவீசி வந்த மாமி சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது:

"எங்க மாதாவும் உங்க அம்மனும் சேந்து போயி தேடியிருக்கு எக்கா. ரெண்டுக்கும் இந்தக் கெழவனத் தேடுறது தவிர வேற சோலி இல்ல."

"போ ஏட்டி, நாக்கு அழுகிப் போவும்" என்று அம்மா அடிக்கக் கையோங்கினாள். இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்ட மாமி வரவில்லை. மருத்துவமனைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. அவளிடம் போன் கிடையாது. மகனுடைய எண்ணுக்குக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். ஆழ்கடலுக்குப் போனால் அவன் திரும்பப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். நான் நேரில் போயிருக்கலாம். வரவேண்டியவள் அவளே வரட்டும் என்ற வீம்பு. மூன்றாம் நாளும் கஞ்சி ஆறிப்போனபோது அம்மாவின் கட்டிலருகே நின்று நானே சொன்னேன்: "எதுக்கும்மா கேட்டையே பாக்க? மீன் விக்க வந்தவ. வியாபாரம் முடிஞ்சா உறவும் முடிஞ்சு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா இப்போது இல்லை. நான் அவளிடம் பேசியவற்றில் இந்த ஒன்றை மட்டும் திரும்ப எடுக்க முடிந்தால் போதும்.

அன்று மாலை மருந்து வாங்கப் போனபோது பனச்சமூட்டில் ஆட்டோக்காரர் ஒருவர் விசாரித்தார். "டீச்சரே, உங்க அம்மாவுக்கு இப்ப எப்பிடி உண்டு? அந்த மீன்காரப் பாட்டிக்கு விவரம் தெரியும்ப நீங்க ஆசுபத்திரியிலேந்து வந்தாச்சு. மூணு தடவ, விடியுமுன்ன, எனக்க வண்டியிலதான் வந்துது."

"எங்க வந்தாங்க?"

"உங்க கேட்டு வரைக்கும். கேட்டுல வேப்பில கெடக்குல்லா? எறங்கி நின்னு கும்புட்டுட்டுத் திரும்பிரும். உள்ள கேறிப் போனா என்னன்னு கேட்டேன். 'நான் மீனு தொட்டவளாக்கும். பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா எக்கா என்னப் பொறுக்க மாட்டா'ன்னு சொல்லிச்சு. அம்மை உள்ள வீடு, சத்தம் போட்டு விளிக்கவும் கூடாதுல்லா."

வேப்பிலையைக் கட்டியது அம்மா. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகு, கட்டியவளே அவிழ்க்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு தண்ணீர் ஊற்றியிருந்தாள். மூன்றாம் தண்ணீருக்கு வியாழக்கிழமை என்று நாள் குறித்திருந்தாள். அதற்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. மகளுக்குக் கொப்புளம் எல்லாம் உதிர்ந்து போயிருந்தது. என் கணவர் இரண்டு முறை கேட்டார், "எடுத்துப் போட்டுரட்டா?" என்று. "வேண்டாம், அம்மா வரட்டும்" என்றேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வைரஸைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். ஆனால் படுத்திருந்தது என் பிள்ளை. காய்ந்து சருகாகிப்போன அந்தக் கொத்தைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. அதே பிள்ளைக்காகத்தான் மாமியும் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆட்டோக்காரரிடமே சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையில் அம்மாவின் கட்டிலை ஜன்னலோரம் திருப்பிப் போட்டு, அவள் பார்க்கும்படி முற்றத்தில் மகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாவது செம்பு கவிழ்த்ததும் உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

"மஞ்சப் போடல்லன்னு அம்மச்சி ஏசுது" என்றாள் மகள், கண்ணை மூடிக்கொண்டே.

உண்மைதான். மறந்திருந்தேன். மஞ்சள் போட்டு முதலிலிருந்து ஊற்றினேன். பிறகு இறங்கிப் போய் வேப்பிலையை அவிழ்த்தேன். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. மாமி குளித்து, வெளுத்த முண்டும் ஜம்பரும் உடுத்து, தோளில் துவர்த்துத் துண்டோடு கேட்டைத் திறந்தாள். வட்டி இல்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் நின்றாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. நேராக உள்ளே போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, துவர்த்தின் நுனியால் அம்மாவின் கடைவாயைத் துடைத்தாள். அம்மாவின் இடது கை அவள் ஜம்பரைப் பிடித்துக்கொண்டது. மாமி நான் கொண்டுவந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து என்னை முறைத்தாள்.

"இத யாரு குடிப்பா மக்கா? உப்பக் கொண்டா."

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"எக்கா, வாயத் தொற. எனக்கு நாலு மணிக்காக்கும் பஸ்ஸு. அதுவரைக்கும் நான் எங்கயும் போவல்ல."