ஓரத்துக் கண்ணியைக் கழித்தவன்

என் மனைவி கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரசர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற விஷயமே இல்லை. முந்தின வருஷம் ஆறாம் மாதத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருந்தோம். இப்போதும் ஆறாம் மாதம், அதே வலி. "இன்னும் மூணு மாசம் படுக்கையிலேயே இருக்கணும். எழுந்து நடமாடினா இதுவும் தங்காது" என்று அவர் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். நான் சிரித்தது அவளைத் தெரிந்தவன் என்பதால். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சிரித்த பல்லோடேயே பயமும் வந்தது.

அப்போது மலாயாவில், ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஸ்டோர் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. பாலை உறைய வைத்து, ஷீட்டாக உருட்டி, புகை போட்டுக் காயவைக்கும் இடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். காய்ந்த ஷீட்டுகளின் ஓரத்துப் பிசிறை வெட்டிக் கழித்துவிட்டு, மீதியை எண்ணித் தரம் பிரிப்பது என் வேலை. ரப்பர் விலை விழுவதற்குக் கொஞ்சம் முந்தின காலம். எனக்கு ஒரு தொப்பியும், அதற்கேற்ற மிடுக்கும் இருந்தன.

டிரசர் சொன்ன மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அவள் கட்டிலில்தான் படுத்திருந்தாள். அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"யாரு வச்சது?"

"தெரியலையே. நான் படுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள், கையில் அகப்பையோடு.

ஏதாவது கைவேலை கொடுத்தால் படுத்திருப்பாள் என்று அவளுடைய பிஸ்கட் டின்னைத் தேடி எடுத்தேன். சிங்கப்பூரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் குரோஷா பின்னக் கற்றவள் அவள். துரையின் மனைவி கேட்கும் சாமான்களையெல்லாம் பின்னிக் கொடுப்பாள். மிஞ்சிய கம்பளி நூல் அந்த டின்னில் சேரும். தேத்தண்ணிப் பானைக்கு உறை பின்னியதில் மிஞ்சிய பச்சை, துரை வீட்டுக் குழந்தையின் தொப்பியில் மிஞ்சிய சிவப்பு, துரையின் காலுறையில் மிஞ்சிய சாம்பல் நிறம். தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தலையில் தொப்பி கிடையாது, பானைக்கு உண்டு. "பிள்ளைக்கு ஒரு போர்வை பின்னேன்" என்றேன். டிசம்பர் மழை தொடங்கினால் எங்கள் வீட்டுப் பலகை இடுக்கு வழியாகக் குளிர் விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நல்ல யோசனைதான். சாயங்காலம் வந்து பார்த்தால் அவள் பின்னிக்கொண்டுதான் இருந்தாள், கோழிக்குத் தவிடு போட்டபடி, கொல்லையில் நின்றுகொண்டு. அவள் கைக்கு ஊசி போதும். காலை யார் கட்டுவது?

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அத என்கிட்ட குடு. நான் பின்றேன். நீ படுத்துக்கிட்டுச் சொல்லிக் குடு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு படுத்துக்கொண்டாள். இப்படி ஒரு வேடிக்கையை நின்றுகொண்டு பார்க்க முடியாது என்று நினைத்தாளோ என்னவோ.

ஸ்டோர் வேலை நாலு மணிக்கு முடியும். குளித்துவிட்டு, கட்டிலோரம் முக்காலி போட்டு உட்காருவேன். நூறு கண்ணி சங்கிலி போட்டு, திரும்பி, ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியை விட்டு நூலை இழுக்க வேண்டும். கேட்கச் சுலபம். என் விரல்களோ ஒன்றையொன்று முன்பின் பார்த்திராதவை மாதிரி நடந்துகொண்டன. பத்து நாளில் ஒரு சாண் ஏறியது. ஆனால் மேலே போகப் போக அகலம் குறைந்தது.

அடுத்த வீட்டுக் கங்காணி சம்சாரம்தான் எங்களுக்குச் சோறும் குழம்பும் கொண்டுவருவாள். ஒரு நாள் என் பின்னலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "அலமாக்! என்னங்க ஐயா இது, போர்வையா, கோவணமா?"

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணிகளை எண்ணினாள். "ஒவ்வொரு வரிசையிலயும் கடைசிக் கண்ணிய விட்டுட்டீங்க. ஏங்க?"

"அது ஒரு மாதிரி இழுத்துக்கிட்டு, பிசிறு மாதிரி இருந்துச்சு. கழிச்சிட்டேன்."

"இது என்ன ரப்பர் ஷீட்டா, ஓரத்தக் கழிக்க? ஓரத்துல இருக்கிறதும் கண்ணிதாங்க."

நூலைப் பிடித்து இழுத்தாள். பத்து நாள் உழைப்பு அரை நிமிஷத்தில் சரசரவென்று அவிழ்ந்தது. அதைப் படுத்தபடியே உருண்டையாகச் சுற்றினாள். எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் கவனித்தேன்: அன்று முழுக்க அவள் தரையில் கால் வைக்கவில்லை. நான் எப்போது வருவேன், இன்று என்ன கூத்து என்று காத்துக் கிடந்திருக்கிறாள்.

பழக்கம் போகவில்லை. மறுபடியும் ஓரத்தைக் கழித்தேன், மறுபடியும் பிரித்தாள். ஒரு மாதம் இப்படியே போனது. டிரசர் வந்து பார்த்து, "பரவாயில்லையே, சொன்னபடி படுத்திருக்காங்களே" என்றார். நான் முக்காலியில் ஊசியை ஒளித்துக்கொண்டு, எல்லாம் என் கண்டிப்பு என்பது போல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் அந்த ஆபத்து வந்தது: எனக்குப் பின்ன வந்துவிட்டது. ஒரு நாள் பச்சை நூலை எடுத்தேன். வரிசைக்கு நூறு கண்ணி, ஒன்று குறையாமல். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கே" என்றாள். குரலில் சுரத்தே இல்லை. மறுநாள் நான் வந்தபோது கட்டில் காலி. அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

பிறக்க இன்னும் ஆறு வாரம் கிடந்தது. வேண்டுமென்றே தப்புச் செய்ய ஆரம்பித்தேன். நடுவில் ஒரு கண்ணியைத் தாண்டுவேன், ஓட்டை விழும். இன்னொரு நாள் ஒரே கண்ணியில் இரண்டு தரம் ஊசியை விடுவேன், புடைத்துக்கொண்டு நிற்கும். அவள் மறுபடியும் படுத்துக்கொண்டு பிரித்தாள். எனக்குள் பெருமை பொங்கியது. என்னை மாதிரி சாமர்த்தியக்காரன் ஜொகூரிலேயே இல்லை என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, பிரித்துக்கொண்டே சொன்னாள்: "இது உங்க தப்பு இல்லையே."

"பின்ன யாரு தப்பு?"

"உங்க தப்பு ஓரத்துல வரும். இது நடுவுல வருது."

நான் தொப்பியைத் தேடினேன். தலையில் இல்லை.

"எத்தன நாளாத் தெரியும்?"

"பச்ச நூலுலேர்ந்து. வேணும்னு தப்பு செய்யிறப்ப உங்க மூஞ்சியப் பாக்கணுமே. கோழி திருட வந்தவன் மாதிரி இருக்கும்."

"அப்ப ஏன் சும்மா இருந்தே?"

அவள் உருண்டையைச் சுற்றுவதை நிறுத்தினாள். "டிரசர் வாசல்ல சொன்னது எனக்கும் கேட்டுச்சுங்க. சும்மா படுத்துக் கிடந்தா போன வருஷந்தான் ஞாபகத்துக்கு வருது. அதனாலதான் எழுந்து எழுந்து ஓடுனேன். நீங்க பின்ற லட்சணத்தப் பாத்தா அது மறந்துபோவுது." பிறகு உருண்டையை என் மடியில் எறிந்தாள். "இனிமே எங்க தப்பு செய்யணும்னு நானே சொல்றேன். உங்களுக்கு அதுவும் சரியா வரல."

அப்படித்தான் மிச்ச நாலு வாரமும் ஓடியது. பன்னிரண்டாவது கண்ணியில் ஒன்று விடு, முப்பதில் இரண்டு போடு என்று அவள் உத்தரவு போட, நான் செய்வேன். அவள் சொல்லிச் செய்த தப்புகளை அவள் பிரிக்கவில்லை, போர்வை வளர்ந்தது. கங்காணி சம்சாரம் வாசலில் நின்று, "ரெண்டு பேரும் தெளிவாத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

மழை கொட்டிய ஒரு காலையில் பெண் பிறந்தாள். ஸ்டோரில் இருந்த எனக்குச் சேதி வந்து நான் ஓடி வருவதற்குள், தகரக் கூரையின் இரைச்சலையும் மீறி அழுகை கேட்டது. போர்வை அப்போதும் முடியவில்லை. கடைசி வரிசையில் பாதியில் நின்றது. நூல் உருண்டை அதிலிருந்து தொங்கியது. அப்படியே பிள்ளையை அதில் சுற்றினோம்.

வாரா வாரம் எடை பார்க்கச் சொன்னார் டிரசர். தோட்டத்தில் நல்ல தராசு இருந்தது என் ஸ்டோரில்தான். முதல் தடவை கங்காணி சம்சாரம் குடை பிடிக்க, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், ஷீட் வைக்கிற தட்டில் போர்வையோடு படுக்க வைத்தேன். தட்டு இறங்கியது. ரப்பர் நாற்றத்துக்குப் பிள்ளை ஒரு தும்மல் போட்டது. எடையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து மனைவியிடம் நீட்டினேன்.

"போர்வையக் கழிச்சீங்களா?"

"இல்ல."

"நூல் உருண்டைய?"

"அதுவும் இல்ல."

"இதுதான் நீங்க பாக்கிற கிராணி வேலையா?"

"ஓரத்துல இருக்கிறதக் கழிக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

அவள் சிரித்தாள். அப்போது அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். படு என்று நான் சொல்லவில்லை.