மூன்று மிதி

நான் காலை முன்னே நீட்டிப் பிறந்தவன். மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அது ஓர் உத்தியோகம் மாதிரி. அப்படிப் பிறந்தவன் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம்பிக்கை. இடுப்புப் பிடிப்பு, முதுகுச் சுளுக்கு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வலிக்காரர் பாயில் குப்புறப் படுப்பார். நான் இடது காலால் வலிக்கிற இடத்தில் மூன்று தடவை மிதிக்க வேண்டும். கூலி ஒரு பாக்கெட் பிஸ்கட். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் தோட்டத்தில் பாதிப் பேர் முதுகை மிதித்திருக்கிறேன். எங்களை விரட்டி வேலை வாங்கிய மண்டோருக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தமாக.

வீடு கட்டுவதற்காகத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். நான் லாரி ஓட்டுகிறேன். தோட்டம் போனாலும் காலின் பெயர் போகவில்லை. பழைய ஆட்கள் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு தேடி வருவார்கள். எனக்கும் அதில் பெருமைதான், பொய் சொல்வானேன்.

பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். இங்கே நான், மனைவி, ஒரு நாய். மனைவி மார்க்கெட்டுக்குப் போய் மீனோடு சேர்த்துத் தூக்கி வந்த செவலைக் குட்டி அது. இப்போது ஒன்பது வயது. நான் வேலை முடிந்து நாற்காலியில் சாய்ந்ததும் வந்து என் இடது பாதத்தின் மேல் முகவாயை வைத்துத் தூங்கும். கால் மரத்துப்போகும். நகர்த்தினால் முறைக்கும்.

ஒருநாள் காலையில் அது வாசற்படி ஏற முடியாமல் நின்றது. பின்னங்கால்கள் தள்ளாடின.

"கிளினிக்குக் கொண்டு போலாங்க" என்றாள் மனைவி.

"சுளுக்குதான். இதுக்குப் போய் காசக் கொட்டுவியா?"

அவள் பள்ளிக்கூட கேண்டீன் வேலைக்குக் கிளம்பியதும் நாயைப் பாயில் படுக்க வைத்தேன். முதுகில் மூன்று மிதி. மூன்றாவதில் ஈனக்குரலில் ஒரு சத்தம் போட்டது. பிறகு என் பாதத்தை நக்கியது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு லாரி எடுக்கப் போனேன். மறுநாள் காலையில் இரண்டு பின்னங்கால்களையும் தரையில் இழுத்துக்கொண்டு வந்தது.

கிளினிக்கில் ஒரு சீன டாக்டரம்மா. படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். கோலாலம்பூரில் ஆபரேஷன் செய்யலாம், அதற்கு ஆகும் செலவு என் நாலு மாதச் சம்பளம். இல்லாவிட்டால் ஆறு வாரம் கூண்டுக்குள் அசையாமல் வைத்து மருந்து, பிறகு நடைப்பயிற்சி. அதுவும் சும்மா இல்லை. நடக்குமா என்று கேட்டதற்கு உறுதி சொல்ல மாட்டேன் என்றார். பிறகு என்னைப் பார்த்து, கீழே விழுந்ததா, முதுகில் ஏதாவது அழுத்தியதா என்று மலாயில் கேட்டார்.

இல்லை என்றேன். மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள்.

ஆபரேஷன் எங்கள் கைக்கு எட்டாது. மருந்துக்கும் பயிற்சிக்கும் அவள் பீரோவிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்தாள். இந்தியா போய் ஆறுபடை வீட்டையும் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சேர்த்தது.

"அது சாமிக்கு வச்சதாச்சே" என்றேன்.

"சாமி எங்கயும் ஓடாதுலா. நாய்தான் ஓட முடியாம கெடக்கு."

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மூட்டையை ஏற்றி இறக்கும் ஆம்பிளைக்கு ஒரு வார்த்தையை இறக்க முடியவில்லை.

ஆறு வாரம் முடிந்தபின் பயிற்சிக்கு வாரம் ஒருமுறைதான் கட்டுப்படியானது. மற்ற நாட்களுக்கு டாக்டரம்மா எங்களுக்கே சொல்லிக் கொடுத்தார். அடிவயிற்றை அமுக்கி மூத்திரம் எடுப்பதை மனைவி கற்றுக்கொண்டாள். நான் கைலியை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கி, தெருவில் நடக்க வைத்தேன்.

"என்ன அண்ணே, நாய்க்குக் கைலி கட்டி விட்டுட்டீங்க?" என்றான் எதிர்வீட்டுக்காரன்.

"ஒனக்கும் ஒண்ணு கட்டவா?" என்றேன்.

தினமும் அதன் பின்னங்கால் விரல்களுக்கு நடுவே கிள்ளிப் பார்ப்பேன். இழுத்துக்கொண்டால் உணர்ச்சி இருக்கிறது என்று அர்த்தம். மெதுவாக இழுத்தது. ஆனால் எழுந்து நிற்கவில்லை. மாலையில் வயிற்றால் ஊர்ந்து என் நாற்காலியைத் தேடி வரும். நான் இரண்டு காலையும் தூக்கி மேலே மடக்கிக்கொள்வேன். முட்டி வலியா என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய தோட்டத்துச் சிநேகிதர் ஒருவர் கோணலாக நடந்து வந்தார்.

"இடுப்பு புடிச்சிருச்சு மச்சான். ஒரு மிதி மிதிச்சு விடு."

மனைவியே பாயை விரித்தாள். அவர் குப்புறப் படுத்தார். நான் காலைத் தூக்கினேன். கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்த நாய் தலையைத் திருப்பி என் காலையே பார்த்தது. தூக்கிய கால் இறங்கவில்லை.

"நாயையும் இப்படித்தான் மிதிச்சேன்" என்றேன். "அது நடக்காமப் போனதுக்கு மொத நாளு."

சிநேகிதர் யார் உதவியும் இல்லாமல் எழுந்துவிட்டார். "நான் கிளினிக்குக்கே போறேன் மச்சான்" என்று நழுவினார்.

மனைவி பாயைச் சுருட்டினாள். "டாக்டரம்மா கேட்டாங்களே. நான் பக்கத்துலதானே நின்னேன்" என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாள் சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

அடுத்த தடவை கிளினிக்கில் "நீங்களே சொல்லுங்க" என்றாள். மலாயில் எனக்கு வார்த்தை சரியாக வரவில்லை. தரையில் மூன்று தடவை மிதித்துக் காட்டினேன். ஐம்பத்தேழு வயதில் ஒரு மேசைக்கு முன்னால் அப்படி நின்றேன். டாக்டரம்மா என் காலைப் பார்த்தார். அதனாலும் இருக்கலாம், தானாகவே வரவிருந்ததாகவும் இருக்கலாம், இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்றார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. யாரையும் நான் மிதிப்பதில்லை. கைலி நடை மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

போன மாதம் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்ப, நாற்காலியில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். பாயில் கிடந்த நாய் எழுந்தது. கைலி இல்லை, யாரும் பிடிக்கவில்லை. குடிகாரனைப் போலப் பின்பக்கம் ஒருபுறமாகச் சாய, நாலு எட்டு வைத்தது. ஐந்தாவதில் என் காலடியில் விழுந்து, இடது பாதத்தின் மேல் முகவாயை வைத்தது. நான் சட்டென்று காலை இழுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க" என்றாள் மனைவி, அடுப்படி வாசலில் நின்று. அவள் கண் கலங்கியிருந்தது.

"பாருங்க, அதுக்கு அந்தக் காலுதான் வேணுமாம்."

அன்றைக்கு லாரியை ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் எடுத்தேன்.