பெயர் கொடுக்காதவர்கள்

பெயரைக் கொடுத்தால் சயாமுக்குப் போக வேண்டியதுதான் என்று எங்கள் எஸ்டேட் லயத்தில் எல்லாரும் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், வேலைக்கு என்று பெயர் கொடுத்தவர்கள் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியேறிப் போனார்கள். ஒரு கடுதாசிகூட வரவில்லை. அதனால் தானா ராத்தா டவுனிலிருந்து சங்கத்துக்காரர்கள் ஆள் சேர்க்க நோட்டுப் புத்தகத்தோடு வந்தபோது, என் கணவர் கதவைச் சாத்திவிட்டார்.

ஜப்பான் அதிகாரியிடம் பேச எஸ்டேட்டுக்கு ஒரு தலைவர் தேவைப்பட்டார். யாரை நிறுத்துவது என்று சங்கத்தில் சேர்ந்தவர்கள் மட்டும் முதலில் கூடிக் கை தூக்குவார்கள். பிறகு ஒருநாள் மொத்த எஸ்டேட்டும் கை தூக்கும். நிற்க ஆசைப்பட்டவர்கள் இருவர்: கங்காணி ஒருவர், ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவர். எங்களுக்கு டிரஸ்ஸர்தான் வேண்டியவர். காய்ச்சல் என்று சீட்டெழுதிப் பலரைச் சயாமுக்குப் போகாமல் காப்பாற்றியவர்.

அவரே வாசலுக்கு வந்து கேட்டார்.

"பேரக் கொடுங்க லா. சங்கத்துல இருந்தாத்தான் எனக்காகக் கை தூக்க முடியும்."

"எதுக்குங்க? கடைசியில எல்லாரும்தான தூக்கப் போறோம். அன்னைக்கு உங்களுக்கே தூக்கிடறோம்," என்றேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு. என் கணவரும் தலையாட்டினார்.

சங்கம் கூடிய அன்று நாங்கள் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தோம். கங்காணி ஜெயித்தார். ஒரே ஒரு கைதான் அதிகம்.

அடுத்த வாரம் எல்லாரையும், காலையில் ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார்கள். முன்னால் கங்காணி மட்டும் நின்றார். டிரஸ்ஸரைத் தேடினேன், எங்களோடு கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கை தூக்கினோம். நானும் தூக்கினேன்.

அந்த மழைக்காலம் ஓய்வதற்குள் சயாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. தலைவர்தான் பெயர்களை எழுத வேண்டும். சங்கத்து ஆட்கள் ஒருவரையும் கங்காணி எழுதவில்லை. என் கணவர் பெயர் மூன்றாவது. டிரஸ்ஸர் எழுதிய சீட்டு, தலைவர் ஒப்புக்கொள்ளாமல் செல்லாது என்றார்கள்.

கங்காணி வீட்டுக்கு ஓடி, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் கோபப்படவே இல்லை.

"நீயும்தான கையத் தூக்குன, புள்ள."

வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை லாரி கிளம்பும்போது என் கணவர் கையாட்டினார். பதிலுக்கு ஆட்ட எனக்குக் கை எழவில்லை. அவர் திரும்பி வரவே இல்லை.