இடது கையில் இல்லாத காசு

வலது கையில் இருக்கும் காசை இடது கையில் வைக்கிறார். இடது கையை மூடுகிறார். மூடிய கைமேல் ஒருமுறை ஊதிவிட்டு விரல்களை விரிக்கிறார். காசைக் காணோம். எதிரே நிலைக்கண்ணாடிக்குள் நிற்கும் மனிதருக்குப் பரம திருப்தி. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கோ, அந்தக் காசு அவருடைய வலது உள்ளங்கையிலேயே, கட்டைவிரல் சதைக்கு அடியில், கை மாற்றும்போதே முக்கால்வாசி தெரிந்துவிட்டது.

"இப்ப தெரியுதா?" என்கிறார்.

"தெரியுது."

மறுபடியும் செய்கிறார். "இப்ப?"

"இன்னும் நல்லா தெரியுது."

இதே கேள்வியைத்தான் காலை ஒன்பது மணியிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண் பரிசோதிக்கும் கனத்த சட்டத்தை நம் மூக்கில் ஏற்றி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, "இப்ப தெரியுதா? இப்ப?" என்பார். நாம் 'தெரியுது' என்றால் மலர்ந்துபோவார். கடை திறப்பதற்கு முந்தைய அரைமணி நேரம் மட்டும் அதே பதிலுக்கு முகம் தொங்கிவிடும்.

எனக்கும் அந்தக் கடைக்கும் உள்ள உறவு நான் உட்காரும் விதத்தால் ஏற்பட்டது. கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடியின் மேல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்துவிடுவேன். என் பவர் மைனஸ் ஏழு. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று பேச்சுக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருநாள், உடைந்த கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கண்ணோடு உட்கார்ந்திருந்தபோது அந்த வித்தையைச் செய்து காட்டினார். அப்போதும் வலது கையில் ஏதோ பளபளத்தது. அவருடைய திறமைக்கு இதற்குமேல் என்ன சான்று சொல்ல!

கையாலாகாத மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கடுகு அளவு திருகாணியை, வேறெங்கோ பார்த்துக்கொண்டே அதன் துளைக்குள் இறக்கிவிடுவார். அழுக்குக் கண்ணாடி போட்டவரோடு அவருக்குப் பேச்சு ஓடாது. பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர் நேரம் கேட்டால்கூட, அவர் மூக்கிலிருந்து கண்ணாடியை உருவித் துடைத்து, தளர்ந்த காதுப் பிடியை முறுக்கி, திரும்ப மாட்டிவிட்டுத்தான் நேரம் சொல்வார். அப்படிப்பட்ட கை, ஒரே ஒரு காசிடம் தோற்றுப்போகிறது என்பதுதான் அவருக்கும் எனக்கும் விளங்காத புதிர்.

இரண்டு வருடத்துக்கு முன் வில்லைக் கம்பெனி விற்பனையாளர் ஒருவர், கடை மேஜையில் கிடந்த காசை எடுத்து மறைத்துக் காட்டினாராம். "அடுத்தவங்க பார்வைய சரிபண்றவன் சார் நானு. என் கண்ணு முன்னாலயே காணாமப் போச்சு" என்று இன்னும் ஆறாமல் சொல்வார். அன்றே அந்த விற்பனையாளரிடம் வித்தையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். முதல் மூன்று மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கை தேறி வந்தது. பிறகு நின்றுவிட்டது. தினமும் நாற்பது தடவை. செக்குமாடு மாதிரி அதே இடத்தில் சுற்று. காசை மாற்றிப் பார்த்தார். கையில் மாவு தடவிப் பார்த்தார். நாற்பதை அறுபதாக்கினார். வாடிக்கையாளர்கள் முகம் பார்க்கக் கடையில் ஏற்கெனவே பதினோரு கண்ணாடிகள் இருந்தன. போதாதென்று வீட்டிலிருந்து ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார். "அடிமேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சொல்றாங்க. அம்மி நகர்ந்துடும் போல சார், இந்தக் காசு நகர மாட்டேங்குது."

போன வருடம் மூக்குக்கண்ணாடி வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். இவர் இடது கையை மூடி ஊதுவதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர், "வலது கையில இருக்கு" என்று சொல்லிவிட்டார். கேலியாகக்கூட இல்லை, ஏதோ விலாசம் சொல்வது போல. அன்று முதல் சங்கத்தில் இவருக்கு 'வலதுகை' என்று பெயர். "வலதுகை வந்தாச்சா?" "வலதுகைக்கு ஒரு டீ." சங்கத்தோடு இருபத்திரண்டு வருடப் பழக்கம், இவருக்கு இருக்கும் நண்பர்களெல்லாம் அங்கேதான். இந்த வருடமும் பெயர் கொடுத்திருந்தார். இந்தத் தடவையும் சொதப்பினால் காசையும் தொடமாட்டேன், சங்கத்துப் பக்கமும் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள் என்பதால் அந்த அம்மாளுக்குக் கலக்கம்.

கடையில் பில் போடுவது மனைவிதான். முதல் வருடம் முழுக்க அவரும் என்னைப் போலவே 'தெரியுது' என்று சொல்லிக்கொண்டிருந்தார். சங்கத்தில் நடந்ததற்குப் பிறகு 'தெரியலைங்க' என்று மாற்றிக்கொண்டார். "தெரியுதுன்னு சொல்லிட்டா அன்னிக்குப் பூரா யாரோட கண்ணாடிய யாருக்குக் குடுக்கறார்னு எனக்கே பயமா இருக்கு சார்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். ஆனால் அவருக்குப் பொய் சரியாக வராது. வாய் தெரியலை என்னும்போதே கண் வலது கைக்கு ஓடிவிடும். கணவர் அதைக் கவனிக்காமல் இல்லை.

"நிலைக்கண்ணாடில பாத்தா காசு இல்ல. இவ வாயும் இல்லைங்குது, இவ கண்ணு இருக்குங்குது. சங்கத்துல இருக்குன்னாங்க. நீங்களும் இருக்குங்கறீங்க. நான் யாரத்தான் சார் நம்பறது?"

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றார். எனக்கும் குழப்பம்தான். என் மைனஸ் ஏழுக்குத் தெரிவது, கண்ணே தொழிலாக இருக்கும் இவருக்கு எப்படித் தெரியாமல் போகும்?

விடை போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வழக்கம்போல் நான் உட்கார்ந்ததன் புண்ணியத்தில். கிட்டப்பார்வைக்காரர்கள் புது ஃபிரேம் வாங்குவதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பவர் இல்லாத வெறும் ஃபிரேமை மாட்டிக்கொண்டு முகம் பார்ப்போம். ஒன்றும் தெரியாது. ஆனாலும் "பிரமாதமா இருக்கு" என்போம். கடைக்காரர் இதை ஆயிரம் தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். அதற்காகவே அவர் மனைவி ஃபிரேம் போட்ட நம் முகத்தைப் போனில் படம் எடுத்து, பழைய கண்ணாடியை மாட்டிவிட்டுப் பார்க்கச் சொல்வார்.

அன்று என்னையும் எடுத்தார். படத்தில் என் தோளுக்குப் பின்னால், நிலைக்கண்ணாடி முன் கடைக்காரர். ஒரு கையிலிருந்து மறு கைக்குக் காசு போவதாகப் பாவனை செய்யும் அந்த நொடி. இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன. அவர் மனைவி சிரித்துவிட்டு இன்னொன்று எடுத்தார். அதிலும் மூடியிருந்தது. மூன்றாவதிலும் அப்படியே. சிரிப்பை நிறுத்திவிட்டு, போனைக் கணவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"நான் மூடலையே" என்றார் அவர்.

வேண்டுமென்றே பத்துப் படம் எடுத்தோம். பத்திலும் மூடியிருந்தார். காசு நழுவி வலது கையில் ஒளிகிற அந்த ஒரு கணம் மட்டும் கண் தானாக மூடிக்கொள்கிறது; திறப்பதற்குள் வலது கை காசை மூடிவிடுகிறது. தான் செய்கிற திருட்டைத் தானே பார்க்கப் பயந்து, இத்தனை நாளாக அறுபது அறுபது தடவை கண்ணை மூடிக்கொண்டு, நிலைக்கண்ணாடியிடம் சபாஷ் வாங்கியிருக்கிறார்.

"பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகம் இருட்டாயிடுமாங்க?" மனைவி கேலியாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். கடைக்காரர் வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வெட்கமாக இருந்தது. வெறும் ஃபிரேமில் முகம் பார்த்துத் திருப்திப்படுகிற கூட்டத்தில் நானும் ஒருவன்தானே.

நோய் தெரிந்துவிட்டது, இனி குணமாகிவிடும் என்று நினைத்தேன். நிலைமை மோசமானது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால் பிடி தப்பியது. காசு விழுந்து அலமாரிக்கு அடியில் உருண்டது. முன்பு முக்கால்வாசி தெரிந்தது, இப்போது முழுசாகத் தெரிந்தது. "தொறந்தா கை வரல, மூடினா காசு தெரியுது. எங்க பாக்கறதுன்னே புரியல சார்." மூன்று நாளில் இரண்டு பேருக்குத் தப்பான உறையில் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை என் கண்ணாடியை வாங்கப் போனேன். மறுநாள் சங்கக் கூட்டம். கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் பன்னிரண்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. மனைவியின் வேலை. அவர் முக்காலியை இழுத்துப்போட்டு, கணவருக்கு எதிரே முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். இனிமேல் பொய் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாராம். அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"மூடிட்டீங்க."

மறுபடியும் செய்தார்.

"மூடிட்டீங்க."

பதினைந்து தடவையாவது இருக்கும். கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு காசை மேஜையில் வைத்துவிட்டார். எழுந்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் மனைவி ஏதோ யோசித்துவிட்டு, பரிசோதனைக்கு மாட்டும் அந்தக் கனத்த சட்டத்தை எடுத்துத் தன் மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

"எனக்கு டெஸ்ட் பண்ற மாதிரி பண்ணுங்க. வில்லை மாத்தும்போது என்னிக்காவது கையப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. வில்லை மாற்றும்போது அவர் எதிராளியின் கண்ணைத்தான் பார்ப்பார். அப்போது அவருக்கு இமையும் ஆடாது. கைகள் பாட்டுக்குக் கீழே எடுக்கும், போடும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறார்.

காசை எடுத்தார். மனைவியின் கண்ணைப் பார்த்தார். ஏதோ கையில் இருந்ததை மாற்றி வைக்கிற மாதிரி கைகள் ஒன்றையொன்று தொட்டு விலகின. ஊத மறந்துவிட்டார்.

"இப்ப தெரியுதா?"

அவர் மனைவி வலது கைப்பக்கம் திரும்பவே இல்லை. கணவரின் இடது கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டுவிரல் வரை பிரித்து வெறும் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைத் திருப்பிப் புறங்கையிலும் தேடினார்.