கம்பியைத் தொட்டுவிட்டு

ஒரகடத்தில் எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வந்த ரோபோவுக்கு எர்த் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன். இனி லைனில் சர்க்யூட் போர்டுகளை எடுத்து வைக்கப்போவது இந்த இரும்புக் கைதான். மாட்டி முடித்து முகத்தைத் துடைத்தபோது, என் விரல்களில் இருந்த இரும்பு வாசனை சட்டென்று அம்மாவின் உள்ளங்கையாகிவிட்டது.

அம்மா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் லைன் வேலை பார்த்தாள். நம் உடம்பில் சேரும் மின்சாரம் பட்டால் போர்டு கெட்டுவிடும் என்று, வேலைக்கு உட்காரும் முன் அதை இறக்கிவிட ஓர் உலோகத் தகட்டைத் தொடச் சொல்வார்களாம். அந்தப் பழக்கம் அவளோடு கம்பெனி பஸ் ஏறி சேரப்பணஞ்சேரியில் இருந்த எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினால், "இரு, இரு" என்று முதலில் ஜன்னல் கம்பியைப் பிடிப்பாள். அப்புறம்தான் என்னைத் தூக்குவாள். அவள் கை பட்ட கன்னத்தில் துருவாடை அடிக்கும்.

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்காது. "புள்ள இன்னா செல்போனா?"

"போர்டே கெட்டுப்பூடுதாம். எம்புள்ள கெட்டுப்போனா பரவால்லியா?"

ஒருநாள் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஜன்னல் கம்பியை மட்டும் அம்மா விடவில்லை.

இன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் மகள் ஓடிவந்து பாதியில் நின்றாள். நான் வாசல் இரும்பு கேட்டைத் தொட்ட பிறகுதான் தாவினாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்த்தாள்.

"புது ரோபோவுக்கு எர்த் குடுத்துட்டு வரேன்மா," என்றேன் தயங்கியபடி. "நீ செஞ்ச வேலையத்தான் அது செய்யப்போவுது."

"செய்யட்டும். பாவம், ஷிப்ட் முடிஞ்சி அது யாரத் தூக்கப்போவுது?"